தீர்த்தன் ஆற்றில் டிரவுட்: போய் வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அக்டோபரில் இமாசலப் பிரதேசத்துக்குப் போய், தீர்த்தன் ஆற்றங்கரையில் தங்கி, ஃப்ளை தூண்டிலில் டிரவுட் மீன் பிடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நண்பர்கள், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், மாமனார் என்று ஆளாளுக்குக் கேட்டுத் துளைக்கிறார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

தீர்த்தனா? பெயரே கேள்விப்பட்டதில்லையே, எங்கே இருக்கிறது?

குல்லு மாவட்டத்தில். மணாலிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டெல்லியில் மணாலி பஸ் ஏறினால் மண்டியைத் தாண்டி ஔட் என்று ஒரு ஊர் வரும், அங்கே சுரங்கப்பாதைக்கு முன்னால் இறங்கிக்கொள்ள வேண்டும். ராத்திரி பஸ் என்றால் விடிகிற நேரத்தில்தான் அந்த இடம் வரும், அதனால் கண்டக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் குல்லுவில்தான் கண் விழிப்பீர்கள். ஔட்டிலிருந்து லார்ஜி, பஞ்சார் வழியாக குஷைனி. உள்ளூர் பஸ் உண்டு, அவசரமென்றால் டாக்ஸி.

கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா என்று 2014 இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்களே, அந்த மலைகளில்தான் ஆறு பிறக்கிறது. பூங்காவுக்கு வெளியே வந்து, குஷைனி, பஞ்சார் பக்கமாக இறங்கி, லார்ஜி அருகே சைஞ்ச், பியாஸ் ஆறுகளோடு கலந்துவிடுகிறது. பக்கத்து ஆறுகளில் எல்லாம் அணையும் சுரங்கமும் வந்துவிட்டன. தீர்த்தனில் மட்டும் மின் திட்டங்கள் வராமல் நின்றதற்குக் காரணம் உள்ளூர்க்காரர்கள். பஞ்சாரின் முன்னாள் எம்.எல்.ஏ. திலே ராம் ஷபாப் போன்றவர்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். அது நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி பதிலுக்கே வேலை இருந்திருக்காது.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன? சாதாரணத் தூண்டிலிலிருந்து எப்படி வேறு?

நம் ஊர்த் தூண்டிலில் கனம் இருப்பது ஈயக்குண்டிலோ இரையிலோதான். அதை வீசினால் அது போகிற போக்கில் நரம்பையும் இழுத்துக்கொண்டு போகும். இதில் அப்படியே தலைகீழ். முனையில் இருப்பது கொக்கியில் இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப்பூச்சி, ஊதினால் பறந்துவிடும். அதை எவ்வளவு பலமாக எறிந்தாலும் காலடியில்தான் விழும். அதனால் கனத்தை லைனிலேயே, அதாவது தூண்டில் நரம்பிலேயே, வைத்துவிட்டார்கள். பூச்சுப் பூசிய தடித்த லைன், அதன் முனையில் போகப்போகச் சன்னமாகும் ஒன்பதடி லீடர், கடைசியில் மயிரிழை போல டிப்பெட், அதில் பூச்சி. ராடை, அதாவது தூண்டில் கோலை, முன்னும் பின்னும் அசைக்கும்போது காற்றில் வளையம் வளையமாகப் போவது அந்த லைன்தான், பூச்சி சும்மா கூடவே போகிற பயணி.

இதற்கு பலம் தேவையே இல்லை. பின்பக்கம் லைன் முழுசாக விரியும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். ஆனால் அந்த அரை நொடியைப் பொறுக்க முடியாமல்தான் எல்லோரும் சாட்டை சொடுக்கி, பூச்சியை அறுத்து மரத்துக்குத் தானம் செய்கிறார்கள்.

பூச்சிகளில் மூன்று வகை தெரிந்தால் போதும். மேலே மிதப்பது டிரை ஃப்ளை. தண்ணீருக்குள் முங்கிப் போவது நிம்ஃப், அதாவது சிறகு முளைக்காத குஞ்சுப் பருவம். குட்டி மீன் மாதிரி இழுத்து வருவது ஸ்ட்ரீமர். டிரவுட் தின்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில்தான் என்பதால் நிம்ஃப்தான் பிழைப்பு. டிரை ஃப்ளை ஆசைக்கு. ஆசையைத்தான் யாரும் விடுவதில்லை.

டிரவுட் இந்தியாவில் எப்படி?

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. மீனாக அல்ல, முட்டையாக. ஈரப் பாசியில் பொதிந்து, ஐஸ் வைத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். காஷ்மீருக்கு முதலில் வந்த சரக்கு வழியிலேயே செத்துப்போக, அடுத்து 1900 இல் வந்ததுதான் பிழைத்தது. ஃபிராங்க் மிட்செல் என்பவர் அதை வளர்த்தெடுத்தார். அங்கிருந்து குல்லுவுக்கு 1909 வாக்கில் பிரவுன் டிரவுட் வந்தது, ஹாவெல் என்ற அதிகாரியின் முயற்சியில். ரெயின்போ டிரவுட் பண்ணை வளர்ப்பு பெரிதானது வெகு காலம் கழித்து, நார்வேக்காரர்கள் உதவியோடு பத்லிகுல் பண்ணையில். தீர்த்தனில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பிரவுன்தான். நடுவில் ஒரு ரெயின்போ கிடைத்தால் அதன் தாத்தா ஏதோ ஒரு வெள்ளத்தில் பண்ணைத் தொட்டியிலிருந்து தப்பி வந்தவராக இருக்கலாம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ஆறுகளின் சொந்த மீன் ஸ்னோ டிரவுட் என்று சொல்லப்படுவது, பெயரில்தான் டிரவுட், ஜாதியில் கெண்டைக்குச் சொந்தம். வந்தேறி டிரவுட் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நான் ரசித்துப் பிடிக்கப் போனது வந்தேறியைத்தான், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஊட்டியிலேயே டிரவுட் இருக்கிறதாமே, அவ்வளவு தூரம் எதற்கு?

இருக்கிறது. 1860களில் ஃபிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ரெயின்போவை நிலைக்க வைத்தார். மூணாறு பக்கமும் தோட்டத் துரைமார் விட்ட மீன் உண்டு. ஆனால் நீலகிரியின் நல்ல ஓடைகள் பல முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் மாட்டிக்கொண்டன. தூண்டிலோடு உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. சோலையும் வரையாடும் அங்கே முக்கியம், என் பொழுதுபோக்கு அல்ல. தீர்த்தனில் உரிமம் வாங்கினால் ரோட்டிலிருந்து இறங்கி நேரே ஆற்றில் நிற்கலாம். அதுதான் காரணம்.

எப்போது போகலாம்?

நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய மூடி வைத்திருப்பார்கள், அது முட்டையிடும் காலம். மார்ச்சிலும் ஏப்ரல் பாதி வரையிலும் நன்றாக இருக்கும். அப்புறம் வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் பெருகிக் கலங்கும். காலையில் மட்டும் நம்பலாம். ஜூலை, ஆகஸ்டில் போகவே போகாதீர்கள், தண்ணீர் டீ நிறத்தில் ஓடும், மலைச்சரிவு வேறு. 2023 ஜூலையில் இமாசலமே வெள்ளத்தில் சிக்கியது நினைவிருக்கும்.

என் ஓட்டு அக்டோபருக்கு. மழை ஓய்ந்து ஆறு வற்றித் தெளிந்திருக்கும், பத்தடி ஆழத்தில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியும். மீன் முட்டையிடப் போகிற அவசரத்தில் நன்றாகத் தின்னும், நிறமும் ஏறியிருக்கும். ஒரே தொல்லை, தண்ணீர் அவ்வளவு தெளிவு என்றால் மீனுக்கும் நீங்கள் தெரிவீர்கள்.

லைசன்ஸ் வாங்க அலைய வேண்டுமா?

இல்லை. மீன்வளத் துறையில் வாங்க வேண்டும், நாள் கணக்கில் தருகிறார்கள், தொகை சின்னதுதான். தங்குமிடத்தில் சொன்னாலே ஏற்பாடு செய்துவிடுவார்கள். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவுக்குக் கீழே விட்டுவிட வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரையில் காவலர் வந்து கேட்பார், சும்மா மிரட்டலுக்கு இல்லை, உண்மையாகவே வருகிறார்.

என்னென்ன கொண்டு போக வேண்டும்?

ஒன்பதடி, 5 நம்பர் ராட் ஒன்று. நாலு துண்டாகக் கழற்றும் வகை என்றால் விமானத்திலும் ரயிலிலும் பிரச்சினை இல்லை. அதற்கேற்ற மிதக்கும் லைன், 4எக்ஸ், 5எக்ஸ் கனத்தில் டிப்பெட். பூச்சிகளில் 14 முதல் 18 வரை நம்பரில் (நம்பர் கூடினால் பூச்சி சின்னது) ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர், ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், அப்புறம் கறுப்பு வுலி பக்கர் இரண்டு மூன்று. கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது. போலராய்டு கண்ணாடி கட்டாயம், அது இல்லாமல் ஆற்றைப் பார்ப்பது கூசும் தகரத்தைப் பார்ப்பது போல.

வேடர் என்று மார்பு வரை ரப்பர் கால்சட்டை விற்கிறார்கள். அக்டோபரில் தண்ணீர் எலும்பைப் பிடிக்கும், இருந்தால் சொர்க்கம். இல்லாவிட்டாலும் பாறை மேல் நின்றே பாதி ஆற்றை எட்டலாம். செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.

உள்ளூர் ஆட்களில் பலர் ஸ்பின்னர், ஸ்பூன் என்ற உலோகப் பொய்யிரை போட்டுத்தான் பிடிக்கிறார்கள், பலநேரம் நம்மைவிட அதிகமாகவே பிடிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மீன் எங்கே நிற்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் உருப்படியான கேள்வி, ஆனால் இதை யாரும் முதலில் கேட்பதில்லை, எல்லோருக்கும் எவ்வளவு தூரம் வீசுவது என்பதுதான் கவலை.

டிரவுட்டுக்கு மூன்று வேண்டும்: ஒளிய இடம், மூச்சு வாங்க மெதுவான தண்ணீர், பக்கத்திலேயே இரை கொண்டுவரும் வேகமான தண்ணீர். இந்த மூன்றும் சேரும் இடம் ஒரு ஆற்றில் கொஞ்சம்தான். பெரிய பாறையின் பின்னால் சுழல் அடங்குமே, அங்கே. பாறைக்கு முன்னாலும் ஒரு சின்ன மெத்தை மாதிரி தண்ணீர் தேங்கும், அதையும் மறக்காதீர்கள். வேகமும் நிதானமும் உரசிக்கொண்டு ஓடும் கோட்டில், நுரை ஒரே வரிசையாகப் போகும் பாருங்கள், நுரை எந்த வழியோ பூச்சி அதே வழி, மீனும் அதே வழியில்தான். மடுவின் தலையில், ஆழமில்லாத சரளை முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பில். கரையோரம் வேர் தொங்கும் இடத்தில்.

மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேல்நோக்கிப் போனால் அதன் முதுகுப்பக்கம் வருவீர்கள். தண்ணீருக்குள்ளிருந்து அதற்கு மேலுலகம் தெரிவது ஒரு வட்டச் சன்னல் வழியாகத்தான், ஒளி வளைவதால் அந்தச் சன்னலின் விளிம்பில் மிகத் தாழ்வாக இருப்பது எதுவும் தெரியாது. ஆக, குனிந்து போ, முட்டி போடு, நிழலை ஆற்றில் போடாதே. வழிகாட்டியாக என்னுடன் வந்த குஷைனிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர் வேறு, ஆனால் மடுவுக்குப் பத்தடி முன்னாலேயே தவழ ஆரம்பித்துவிடுவார். நிமிர்ந்து நடந்த என்னை ஒரு முறை பார்த்தார், அப்புறம் நானும் தவழ்ந்தேன்.

சரி, அந்த ஒரு மீன் கதையைச் சொல்லுங்கள்.

மேகம் மூடிய சாயங்காலம். அந்த மாதிரி நாளில்தான் மேஃப்ளை என்ற சின்னச் சிறகுப் பூச்சிகள் கூட்டமாகத் தண்ணீரிலிருந்து எழும்பும். சாம்பல் நிறம், அரிசி மணி அளவு உடம்பு, பாய்மரம் போல நிமிர்ந்த சிறகு. சிறகு காயும் வரை தண்ணீர் மேலேயே மிதந்து போகும், மீனுக்கு அதுதான் விருந்து.

எதிர்க்கரையில் கறுத்த பாறை ஒன்று, அதன் பின்னால் துணி விரித்த அளவுக்கு வழுவழுப்பான தண்ணீர். அதில் ஒரு வளையம். மழைத்துளி விழுந்தது போலத்தான் இருந்தது. சின்ன மீன்தான் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு குதிக்கும், பெரியது உதட்டை மட்டும் நீட்டி உறிஞ்சும். வழிகாட்டி என் தோளைத் தொட்டு, "ருகோ சர்ஜி, ருகோ," என்றார், பொறுங்கள் என்று. வளையம் மறுபடி அதே இடத்தில். மூன்றாவது முறை வரும்போது எனக்கே கணக்கு பிடிபட்டது, ஒரு மூச்சு இழுத்து விடுகிற இடைவெளி.

சிக்கல் என்னவென்றால், எனக்கும் அந்த மீனுக்கும் நடுவில் ஆற்றின் முழு வேகமும் ஓடியது. பூச்சி அந்தப் பக்கத்து மெதுவான தண்ணீரில் விழும், லைன் இந்தப் பக்கத்து வேகத்தில் விழும், லைன் பூச்சியை இழுக்கும், பூச்சி கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்தப் பூச்சியும் அப்படி ஓடாது என்று டிரவுட்டுக்குத் தெரியும். இதை டிராக் என்பார்கள், இந்த விளையாட்டில் தோற்பதெல்லாம் பெரும்பாலும் இதில்தான். அதனால் வீசியவுடன் ராடை உயர்த்தி லைனை மேல்நோக்கி ஒரு புரட்டு புரட்டிப் போட வேண்டும், அதில் கிடைப்பது இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று.

18 நம்பர் ஆடம்ஸ் கட்டினோம். குளிரில் விரல் மரத்து, கொக்கியின் கண்ணுக்குள் டிப்பெட்டை நுழைக்கவே பெரும்பாடு. கட்டி முடித்து எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினேன். முதல் வீச்சு குறைவாக விழுந்தது. அடுத்தது சரியாக விழுந்து சீக்கிரமே இழுபட்டது, மீன் பயப்படவில்லை, ஆனால் தொடவும் இல்லை. கொஞ்சம் இருந்து, வளையம் வந்து அடங்கியதும், பாறையின் ஓரத்தையே குறிவைத்துப் போட்டுப் புரட்டினேன். பூச்சி பாறையில் பட்டு வழுக்கித் தண்ணீரில் இறங்கியது. மிதந்தது. அப்புறம் அது அங்கே இல்லை.

ராடைத் தூக்கியதும் எடை தெரிந்தது. முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது, பின்பு அது நேராக வேகத்துக்குள் பாய்ந்து கீழே ஓட, ரீல் கத்த, அவர் இந்தியில் கத்த, நான் தமிழில் கத்த, பாறைக்குப் பாறை தாவி இருவரும் கீழே இறங்கினோம். மெல்லிய டிப்பெட் என்பதால் இழுத்துப் பிடிக்க முடியாது, விட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கடைசியில் ஓர் ஓரத் தேக்கத்தில் வலைக்கு வந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வயிறு வெண்ணெய் மஞ்சள், முதுகு ஆற்றுப்பாசி நிறம், விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். ஆணாக இருக்க வேண்டும், கீழ்த்தாடை கொக்கி போல வளைய ஆரம்பித்திருந்தது. ஆற்றிலிருந்து வெளியே எடுக்காமலே கொக்கியைக் கழற்றினேன், முகத்தை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன், செவுள் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியதும் போய்விட்டது.

போட்டோ எங்கே என்று கேட்காதீர்கள். போன் என் பையில், பை மேலே பாறையில், பாறை எங்கள் ஓட்டத்தில் எங்கேயோ பின்னால்.

பிடித்துவிட்டு விடுவதா? பைத்தியமா?

மாமனாரின் கேள்வி. காசு செலவழித்துப் போய், பிடித்த மீனை ஆற்றில் விடுகிற மருமகனை அவர் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

குளிர்ந்த மலையாற்றில் மீன் மெதுவாக வளரும். முட்டையிடப் போகிற நேரத்தில் பெரிய மீனை எடுத்தால் அடுத்த வருடத்தின் குஞ்சுகளையும் சேர்த்தே எடுக்கிறோம். வேண்டுமானால் உரிமம் அனுமதிக்கிற வரை நடுத்தர மீன் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை. விடுவதென்றால் ஒழுங்காக விடுங்கள்: கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், வயிற்றை அமுக்காதீர்கள், கரை மணலில் போட்டுப் புரட்டி போட்டோ எடுத்துவிட்டு விடுவது விடுவதே அல்ல.

ருசி எப்படி?

சாப்பிட்டது பண்ணை மீன்தான். நாகினியில் அரசுப் பண்ணை இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் தனியாரும் வளர்க்கிறார்கள். முள் குறைவு, சதை மென்மை. அங்கே கடுகெண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள், நமக்கு அந்த வாசனை பழக இரண்டு வேளை ஆகும். நான் கையோடு கொண்டுபோன மீன் மசாலாவைச் சமையல்காரரிடம் கொடுத்துத் தடவச் சொன்னேன், தோல் மொறுமொறுப்பாக வந்தது. குழம்புக்கு வேண்டாம், கரைந்துவிடும். அதற்கு நம் வஞ்சிரமும் விராலும் இருக்கின்றன.

ஆபத்து உண்டா?

உண்டு. வழுக்கும் பாறை முதல் ஆபத்து. இடுப்புக்கு மேல் இறங்காதீர்கள், அங்கே தண்ணீரின் பலம் பார்வைக்குத் தெரிவதைவிட அதிகம். மேலே இடி கேட்டால், தண்ணீர் திடீரென்று நிறம் மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அப்போதே கரையேறுங்கள், மீன் வாயில் இருந்தாலும் சரி.

லார்ஜிக்குக் கீழே பியாஸில் மட்டும் இறங்கவே வேண்டாம். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டது அந்த இடத்தில்தான். போட்டோ எடுக்க ஆற்றுக்குள் கிடந்த பாறைகளில் நின்றவர்கள். அணைக்குக் கீழே இருக்கும் வறண்ட பாறை எப்போது வேண்டுமானாலும் ஆறாகிவிடும்.

குடும்பத்தோடு போகலாமா? அவர்களுக்கு போரடிக்குமே?

தாராளமாக. ஜலோரி கணவாய் 3,120 மீட்டர், காரிலேயே ஏறலாம், ரோடு செங்குத்து, ஓட்டுநர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். அங்கிருந்து தேவதாரு, ஓக் காட்டுக்குள் நடந்தால் செரோல்சர் ஏரி. பஞ்சார் பக்கம் செஹ்னியில் கல்லும் மரமும் அடுக்கிக் கட்டிய பழைய கோபுரம் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். ராத்திரி நல்ல குளிர், ஸ்வெட்டர் மறக்க வேண்டாம். சாப்பாடு ராஜ்மா, சாதம், ரொட்டி. இந்தி கொஞ்சம் தெரிந்தால் நல்லது.

நம் ஊரிலேயே பழகிக்கொண்டு போக முடியுமா?

முடியும், பழகாமல் போகாதீர்கள். மைதானமோ மொட்டைமாடியோ போதும். கொக்கி வேண்டாம், முனையில் சிவப்பு உல்லன் நூல் துண்டு கட்டி, தரையில் ஒரு தட்டை வைத்து அதில் விழப் போடுங்கள். முப்பதடிக்கு நேராகப் போட வந்தால் தீர்த்தனுக்கு அதுவே தாராளம். நிஜ மீன் வேண்டுமென்றால் ஏரியில் ஜிலேபி கெண்டை இருக்கவே இருக்கிறது, அனுமதி உள்ள இடத்தில் சின்ன நிம்ஃபை மெதுவாக இழுத்தால் வந்து கடிக்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி அவசியமா? அவருக்கு என்ன கொடுப்பது?

முதல் தடவைக்கு அவசியம். எந்த மடுவுக்கு எந்த வெயிலில் போவது என்பது அவர்களுக்கு அத்துப்படி. தினக்கூலியைப் பேசிக்கொண்டு அதைச் சரியாகக் கொடுங்கள். அதோடு மிச்சமிருக்கும் பூச்சிகளையும் டிப்பெட் சுருளையும் கொடுத்துவிட்டு வாருங்கள், அந்த மலையில் இவை கடையில் கிடைப்பது கஷ்டம். என்னுடைய 18 நம்பர் ஆடம்ஸ் எல்லாவற்றையும் அவர் தொப்பியில் குத்திக்கொண்டார், ஸ்ட்ரீமர்களை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.